கலீல் ஜிப்ரான்: ஊர் விட்டுப் போன ஓவியக் கவிஞன்

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, அண்ணே, இந்தத் தடவை கல்லூரி நினைவுகள் நிறைய வந்துவிட்டன, நீங்கள் வேறு ஏதாவது எழுதுங்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளும் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். யோசித்தேன். விடுதி நாட்களில் எங்கள் அறைவரிசையில் அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்த ஒரு சின்னப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. ஜிப்ரானின் தீர்க்கதரிசி. அதை வைத்துக் காதல் கடிதம் எழுதியவர்கள் உண்டு. பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரையும் படிக்கப் போகிறார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிறேன்!

அந்தப் புத்தகத்தைப் படித்தோமே தவிர, எழுதிய மனிதர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. தாடி வைத்த சூஃபி ஞானி என்று ஒருவர் சொல்லுவார். பாரசீகக் கவி என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். இரண்டும் தப்பு. அவர் லெபனான் மலையில் பிறந்து, 12 வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா போன ஏழைப் பையன். பிழைப்புக்குப் போன குடும்பம். பின்னால் ஆறாண்டு படிப்புக்கும் ஓவியப் பயிற்சிக்கும் வெளியே போனது தவிர, 48 வயதில் சாகும்வரை அமெரிக்காவிலேயே இருந்தார். ஆனாலும் கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொள்ளவில்லை.

பிறந்தது 1883 ஜனவரி 6. ஊர் பெயர் பிஷர்ரி. கதீஷா பள்ளத்தாக்கின் உச்சியில், பழைய தேவதாரு மரங்கள் நிற்கிற மலைக்குப் பக்கத்தில். அந்தப் பள்ளத்தாக்கையும் தேவதாருக்களையும் 1998-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகுக்குக் குறைவில்லை, சோற்றுக்குத்தான் குறைவு. அப்போது அந்த நாடு துருக்கியரின் உஸ்மானியப் பேரரசுக்குள் இருந்தது. குடும்பம் மாரோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அம்மா கமீலா ஒரு பாதிரியாரின் மகள். (அந்தப் பிரிவில் கல்யாணம் ஆனவர்களும் பாதிரியார் ஆகலாம்.) அவருக்கு முந்தைய கல்யாணத்தில் பூத்ரோஸ் என்று ஒரு பையன். பிறகு கலீல், மரியானா, சுல்தானா. அப்பாவுக்குச் சூதாட்டப் பழக்கம், கடன். வரி வசூலிக்கிற வேலையில் இருந்தவர், பணத்தைக் கையாடிய வழக்கில் மாட்டிச் சிறைக்குப் போனார். வீடு உட்பட சொத்து பறிமுதல் ஆனது. விடுதலையாகி வந்த பிறகும் அந்த மனிதரை நம்பிப் பயனில்லை என்று கமீலா முடிவு செய்துவிட்டார். 1895 ஜூனில் நான்கு பிள்ளைகளோடு கப்பலேறினார். கணவர் ஊரிலேயே தங்கிவிட்டார்.

எழுதப் படிக்க வசதியில்லாத மலைக் கிராமத்துப் பெண், புருஷன் துணையில்லாமல், நான்கு பிள்ளைகளோடு கடல் தாண்டுகிறார். ஜிப்ரான் கதையில் எனக்கு முதலில் கும்பிடத் தோன்றுவது இந்த அம்மாவைத்தான்.

போய் இறங்கிய இடம் பாஸ்டன் நகரத்தின் சவுத் எண்ட் பகுதி. ஏற்கனவே அந்த நாட்டு ஜனங்கள் குடியேறியிருந்த நெருக்கடியான குடியிருப்பு. கமீலா லேஸ், துணிமணி மூட்டையைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். நம் ஊரில் புடவை மூட்டைக்காரர் வருவாரே, அந்தத் தொழில்தான். காசு கொஞ்சம் சேர்ந்ததும் பூத்ரோஸ் ஒரு சின்ன ஜவுளிக் கடை போட்டார். பெண் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வீட்டில் ஒருத்தன் படித்தால் போதும் என்று கலீலை மட்டும் அனுப்பினார்கள். இந்த ஏற்பாடு நமக்குப் புதுசா என்ன?

பள்ளியில் சேர்த்தபோதுதான் அந்தப் பெயர் விவகாரம். முழுப்பெயர் ஜிப்ரான் கலீல் ஜிப்ரான். முதல் ஜிப்ரான் அவர் பெயர், கலீல் அப்பா பெயர், கடைசி ஜிப்ரான் குடும்பப் பெயர். இவ்வளவு நீளத்தை அந்தப் பள்ளிக்கூடப் பதிவேடு தாங்கவில்லை. முன்பாதியை வெட்டி, ஆங்கில எழுத்தில் ஹெச்சின் இடத்தையும் மாற்றிப் போட்டு எழுதிவிட்டார்கள். அப்பாவின் பெயரே பையனின் பெயராகிவிட்டது. அப்படியே உலகப் புகழும் பெற்றுவிட்டது. நம் பிள்ளைகள் இன்று அமெரிக்கா போய், இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதும், அலுவலகத்தில் எல்லாரும் தன்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று போனில் சிரிக்கிறார்கள் அல்லவா? அதே கதைதான்.

பையன் கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், படம் போடுவான். குடியேறிய ஏழைகளுக்காக நடத்தப்பட்ட டெனிசன் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் இதைக் கவனித்தார்கள். அவர்கள் மூலமாக ஃப்ரெட் ஹாலண்ட் டே என்ற புகைப்படக் கலைஞரிடம் 1896-ல் போய்ச் சேர்ந்தான். டே பதிப்பாளரும்கூட. நல்ல புத்தகங்கள் கொடுத்தார், இசை, ஓவியம் எல்லாம் அறிமுகம் செய்தார், பையனின் கோட்டோவியங்களைப் புத்தக அட்டைகளுக்குப் பயன்படுத்த வழி செய்தார். அதே சமயம் அவனுக்கு அரபு உடை மாட்டி, கீழ்த்திசை இளவரசன் போல உட்காரவைத்துப் படமும் எடுத்தார். சேரிப் பகுதியில் மூட்டை தூக்கும் அம்மாவின் மகன், காமிரா முன்னால் மட்டும் இளவரசன். அந்த உடையைக் கழற்றினாலும் அந்த வேஷத்தை ஜிப்ரான் கழற்றவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் தன் குடும்பம் பெரிய பரம்பரை, செல்வச் செழிப்பு என்றெல்லாம் நண்பர்களிடம் அளந்திருக்கிறார். ஏழைப் பிள்ளை பணக்காரர்கள் நடுவே உட்கார நேர்ந்தால் வரும் கூச்சம் அது. முதலாம் ஆண்டில், டவுனிலிருந்து வந்த பையன்கள் மத்தியில், எங்கள் ஊரில் எங்களுக்குப் பத்து ஏக்கர் என்று நானும் சொன்னவன்தான். இருந்தது முக்கால் ஏக்கர்.

1898-ல், தாய்மொழியை முறையாகப் படிக்கட்டும் என்று அவரைத் திரும்ப பெய்ரூட்டுக்கு அனுப்பினார்கள். அல்-ஹிக்மா என்ற கல்லூரி. பேச்சு அரபிதான் அதுவரை தெரியும். இலக்கிய அரபியில் அடிப்படையே கிடையாது. அப்படி வந்த மாணவன் நண்பனோடு சேர்ந்து மாணவர் பத்திரிகை நடத்தி, கல்லூரிக் கவிஞன் என்று பெயரும் எடுத்தான். கல்லூரிப் பத்திரிகையில் கவிதை வந்ததும் தன்னைக் கம்பன் என்று நினைத்துக்கொண்ட நம் ஆட்கள் கவனிக்க! ஒருவருக்காவது அது பலித்திருக்கிறது.

பிறகு வந்ததுதான் அந்தப் பதினைந்து மாதங்கள். 1902 ஏப்ரலில் கடைசித் தங்கை சுல்தானா காசநோயில் இறந்தாள். வயது 14. கலீல் பாஸ்டன் திரும்பும்போது அவள் இல்லை. 1903 மார்ச்சில் பூத்ரோஸும் அதே காசநோயில் போனார். அதே ஜூன் மாதம் அம்மா புற்றுநோயில். ஐந்து பேர் போய் இறங்கிய வீட்டில் அண்ணனும் தங்கையுமாக இரண்டே பேர் மிச்சம். அவருக்கு 20 வயது, கையில் தொழில் இல்லை. பூத்ரோஸின் கடையைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு விற்றுவிட்டார்.

யார் சம்பாதித்தது? மரியானா. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், ஒரு தையல் கடையில் ஊசி பிடித்து வாடகை கொடுத்தாள், அரிசி பருப்பு வாங்கினாள், அண்ணன் வரையவும் எழுதவும் பேப்பர் வாங்கிக் கொடுத்தாள் என்றே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் எழுதிய ஒரு வரியையும் அவளால் படிக்க முடியாது. வாழ்நாள் முழுக்கக் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஜிப்ரானைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் காதலிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தத் தங்கச்சியைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

1904-ல் டேயின் ஸ்டூடியோவில் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அங்கே படம் பார்க்க வந்தவர் மேரி ஹாஸ்கல். பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, ஜிப்ரானைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வருஷக் கடைசியில் ஸ்டூடியோ இருந்த கட்டடம் தீப்பிடித்து, அதுவரை வரைந்த படங்களில் பெரும்பாலானவை சாம்பலாயின. சுவரில் மாட்டிய படம் எரிந்தாலும், அந்தப் படத்தைப் பார்த்தவர் நிலைத்துவிட்டார். 1908-ல் மேரிதான் அவரைப் பாரீசுக்கு அனுப்பி, மாதம் 75 டாலர் கொடுத்து ஓவியம் படிக்க வைத்தார். பள்ளிக்கூட ஆசிரியையின் சம்பளப் பணம் அது, ஜமீன் பணம் இல்லை.

பாரீசில் ஜூலியன் அகாதமியில் படித்தார். யூசுஃப் ஹுவாயிக் என்ற பழைய பெய்ரூட் நண்பரோடு சுற்றினார். பிரபலமானவர்களின் முகங்களைப் பென்சிலில் வரையத் தொடங்கினார். சிற்பி ரோதின் அவரை இருபதாம் நூற்றாண்டின் வில்லியம் பிளேக் என்று புகழ்ந்ததாக நம் மொழிபெயர்ப்பு நூல்களின் முன்னுரைகளில் தவறாமல் வரும். அதற்கு ஆதாரம் இல்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதேபோல, 1908-ல் வெளிவந்த கலக ஆன்மாக்கள் என்ற அரபுக் கதைத் தொகுதியை பெய்ரூட் சந்தையில் கொளுத்தினார்கள், அவரை மதத்திலிருந்து விலக்கினார்கள் என்பதும். பாதிரிமாரையும் பெரும் நிலக்காரர்களையும் கட்டாயக் கல்யாணத்தையும் அதில் கடுமையாகத் தாக்கியிருந்தார், எதிர்ப்பு வந்தது, அது நிஜம். கொளுத்திய கதைக்கு நான் பொறுப்பேற்கமாட்டேன். (மேடைப் பேச்சில் இரண்டையும் நானே சொல்லியிருக்கிறேன். கைதட்டும் வந்தது. என்ன செய்ய!)

1910 கடைசியில் திரும்பி வந்ததும் மேரியைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். வயது வித்தியாசம் சொல்லி மேரி மறுத்துவிட்டார். அடுத்து நியூயார்க். மேற்குப் பத்தாம் தெரு, 51-ஆம் எண். ஓவியர்களுக்கென்றே கட்டிய கட்டடம். அதில் ஒரு அறை. அந்த அறைக்குத் துறவியின் குடில் என்று பெயர் வைத்துக்கொண்டு, சாகும்வரை அங்கேயே இருந்தார். 1912-ல் முறிந்த சிறகுகள் வந்தது. ஒரு பிஷப், பணக்கார வீட்டுப் பெண்ணைச் சொத்துக்காகத் தன் அண்ணன் மகனுக்குக் கட்டிவைக்கிற கதை. அதைப் படித்து எகிப்திலிருந்து கடிதம் எழுதினார் மே ஸியாதே என்ற எழுத்தாளர். ஏறக்குறைய இருபது வருஷம் கடிதத்திலேயே நேசம் வளர்ந்தது. ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் லெபனான் மலையில் பெரும் பஞ்சம். 1915-ல் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றது. நேச நாடுகளின் கப்பல்கள் கடலை அடைத்துக்கொண்டன. உள்ளே துருக்கி அதிகாரம் தானியத்தைப் படைக்கு எடுத்துக்கொண்டது. சுமார் இரண்டு லட்சம் பேர் செத்தார்கள். மலை ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நியூயார்க்கில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு அந்தச் செய்திகளைப் படித்த ஜிப்ரான், நிவாரணக் குழுவின் செயலாளராக ஓடி ஓடிப் பணம் திரட்டினார். தான் மட்டும் தப்பித்து வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வில் அரபியில் எழுதியவை, தீர்க்கதரிசியில் வருகிற சாந்தமான குரல் அல்ல. அந்தக் கோபக்கார ஜிப்ரானை அரபு வாசகர்களுக்குத் தெரியும். நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

1918-ல் பைத்தியக்காரன், 1920-ல் முன்னோடி என்று ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். அதே 1920-ல் நியூயார்க்கில் இருந்த அரபு எழுத்தாளர்கள் சேர்ந்து பேனாச் சங்கம் அமைத்தார்கள். இவர் தலைவர், மிகாயில் நுஐமி செயலாளர். யாப்பை இளக்கி, வழக்கு மொழிக்குப் பக்கத்தில் வந்து, நவீன அரபுக் கவிதைக்கு ஒரு புது வழியைத் திறந்தது அந்தச் சின்னக் கூட்டம். நாட்டைவிட்டுப் போனவர்கள், அந்த நாட்டின் மொழியை அங்கே இருந்தவர்களைவிட முன்னால் கொண்டுபோனார்கள்.

ஆங்கில நூல்களுக்குப் பின்னால் மேரியின் சிவப்பு மை இருக்கிறது. ஜிப்ரான் எழுதுவார், இலக்கணம், சொல், காற்புள்ளி எல்லாம் மேரி பார்த்துத் திருத்துவார். எங்கேயும் தன் பெயர் வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. தீர்க்கதரிசி 1923 செப்டம்பரில் வெளிவந்தது. 26 பகுதிகள். பன்னிரண்டு வருஷம் அன்னிய ஊரில் இருந்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கும் ஒருவன், வழியனுப்ப வந்த ஜனங்களிடம் காதல், பிள்ளைகள், வேலை, சாவு பற்றிப் பேசுகிறான். உள்ளே படங்களும் அவரே வரைந்தவைதான்: மூடுபனியிலிருந்து எழுந்து வருகிற மாதிரி உடம்புகள், உள்ளங்கையில் ஒரு கண். விமர்சகர்கள் கண்டுகொள்ளவில்லை. முதல் வருஷம் சுமாரான விற்பனை. அடுத்த வருஷம் அது இரண்டு மடங்கானது, அதற்கடுத்து மறுபடி இரண்டு மடங்கு. அறுபதுகளின் ஹிப்பி இளைஞர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பீட்டில்ஸ் பாட்டொன்றிலேகூட ஜிப்ரானின் சாயல் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தாகிவிட்டது. தமிழிலேயே பல மொழிபெயர்ப்புகள். அமெரிக்காவில் அதன் காப்புரிமை 2019 ஜனவரி 1-ல் முடிந்தது. 

ஆழமில்லாத எழுத்து என்று சொல்கிற பேராசிரியர்கள் இன்றும் உண்டு. எனக்கும் நாற்பது வயதில் அப்படித்தான் தோன்றியது, கொஞ்சம் சர்க்கரை கூடுதல் என்று. ஆனால் மகளை ஏர்போர்ட்டில் வழியனுப்பிவிட்டு வந்த இரவு, பிள்ளைகளைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அதற்கு மேல் விமர்சனம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

அன்பும் சாந்தமும் எழுதியவர் தன் உடம்பிடம் அன்பு காட்டவில்லை. கடைசி வருஷங்களில் குடி அதிகம். வலியை மறைத்து, டாக்டரைத் தட்டிக்கழித்தார். 1931 ஏப்ரல் 10 இரவு, நியூயார்க் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. கல்லீரல் கெட்டிருந்தது, காசநோயும் தொடங்கியிருந்தது. குடி விஷயத்தையும் மற்ற பலவீனங்களையும் மறைக்காமல் நுஐமி 1934-ல் அரபியில் வாழ்க்கை வரலாறு எழுதினார். ஞானியாக வைத்துக் கும்பிட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. நண்பனை மனிதனாகவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார் நுஐமி, அவ்வளவுதான்.

உடல் முதலில் பாஸ்டனுக்கு, தங்கையிடம் போனது. ஜூலையில் கப்பலேறி ஆகஸ்ட் 21-ல் பெய்ரூட் சேர்ந்தது. 12 வயதில் இறங்கிப் போன மலைப்பாதையில் ஊர்வலமாக ஏறி வந்தது. பிஷர்ரியில் மார் சர்கிஸ் என்ற பழைய மடத்தை வாங்கவேண்டும் என்பது அவர் ஆசை. மரியானா அதை வாங்கி அங்கேயே அடக்கம் செய்ய வைத்தார். இன்று அது ஜிப்ரான் அருங்காட்சியகம்.

உயிலில் புத்தக வருமானத்தைச் சொந்த ஊருக்கு எழுதி வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். டாலர் வந்து குவிந்ததும் அதை யார் நிர்வகிப்பது என்று ஊருக்குள் கோஷ்டிச் சண்டை, வழக்கு. கடைசியில் லெபனான் அரசே உள்ளே நுழையவேண்டியதாயிற்று. நம் ஊர்க் கோயில் தர்மகர்த்தா விவகாரங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அறையில் இருந்த ஓவியங்களும் சாமான்களும் மேரிக்கு. அவர் 1926-லேயே வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் இருந்தார். நியூயார்க் வந்து அறையைத் திறந்து பார்த்தால், இருபத்து மூன்று வருஷமாகத் தான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. ஜிப்ரானின் கடைசிக் கால உதவியாளர் பார்பரா யங், எரித்துவிடுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்ட மேரியால் எரிக்க முடியவில்லை. ஊருக்கு எடுத்துப் போனார். பிற்காலத்தில் ஜிப்ரானின் கடிதங்கள், தன் கடிதங்கள், தன் நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார். ஜிப்ரானின் பொய்களும், திருத்திய காற்புள்ளிகளும், 75 டாலர் கணக்கும் இன்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

கிட்டத்தட்ட நூறு ஓவியங்களை 1950-ல் சவானாவின் டெல்ஃபேர் அருங்காட்சியகத்துக்குத் தந்துவிட்டார். நம் கல்லூரிக்காரர்கள் அட்லாண்டாவிலும் சுற்று வட்டாரத்திலும் ஏகப்பட்ட பேர் இருக்கிறீர்கள். காரில் நாலு மணி நேரம்தான். யாராவது போனால், அங்கே மரியானாவின் முகம் வரைந்த படம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.